சுண்டக் காய்ச்சின தண்ணி

தொட்டில் அசையாத வரைக்கும் நேரம் இருக்கிறது, அசைந்துவிட்டால் இல்லை. பாவாத்தாள் சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே விட்டத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டிலையும், வெளியே தென்னைகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடத்தில் தம்பி சென்னியப்பனின் வண்டியைக் காணோம். டவுனுக்குத் தண்ணி வாங்கப் போனவன். தண்ணி வாங்க! தோட்டத்து நடுவில் ஏத்தக் கயிறு காலத்திலிருந்து வற்றாத கிணறு கிடக்கிறது, மோட்டார் போட்டால் ஆள் உயரத்துக்கு அடிக்கிறது, அந்த வீட்டு ஆம்பளை கேனைக் கட்டிக்கொண்டு தண்ணி வாங்கப் போயிருக்கிறான். நினைத்தால் சிரிப்புக்கூட வருகிறது, ஆனால் சிரிக்க நேரமில்லை, ஏனென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது வாங்கி வந்த பாட்டில் தண்ணி முன்னேரத்துப் பாலோடு தீர்ந்துவிட்டது, பாட்டிலைக் கவிழ்த்து உதறியும் பார்த்தாயிற்று. பால் பவுடர் டப்பா இருக்கிறது. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை, வெந்நீரில் போட்டெடுத்தது, துணிமேல் கவிழ்ந்திருக்கிறது. தண்ணிதான் இல்லை. இல்லை என்று சொல்லக்கூடாது, குழாயைத் திருகினால் வரும், அதுதான் சங்கடமே, கைக்கெட்டின தூரத்தில் வரும். அடுப்புக்குப் பக்கத்தில் பித்தளைக் குண்டா குப்புறக் கிடந்தது. நேற்று வந்ததும் முதல் வேலையாக அவள்தான் கவிழ்த்தாள். அதன் உள்ளே அடியில் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த வெள்ளையை இத்தனை நாள் பார்த்துக்கொண்டேதானே இருந்தாய் பாவாத்தா, தண்ணி போகிறது, அது போகவில்லை என்று உனக்குத் தெரியவில்லையா? சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். தொட்டிலைப் பார். தொட்டில் அசையவில்லை.

குழந்தையின் உதட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இப்போதுதான் பார்த்தாள், ஆனாலும் எழுந்து போனாள். தொட்டில் சேலையை விரலால் விலக்கினாள். உதடு செக்கச்செவேல் என்று இல்லை, ஆனாலும் உதடு உதடாக இருந்தது. நகக்கண் வெளுத்த ரோஜா நிறம். நல்லது. போன வாரம் இதே உதடு நாவற்பழம் தின்ற உதடு மாதிரி இருந்தது, நகம் சிலேட்டுக் கல் மாதிரி. முதலில் குளிர் என்று நினைத்து ஸ்வெட்டர் போட்டாள், பிறகு கண் பட்டது என்று மிளகாய் சுத்திப் போட்டாள், மிளகாய் கமறவே இல்லை, கண்ணேறுதான் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. தாய் பூங்கொடி அங்கே ஆஸ்பத்திரியில் இருதயம் வீங்கிக் கிடக்கிறாள், பிரசவத்தோடு வந்த வியாதி, அவளுக்கு ஏறுகிற மருந்துக்குப் பால் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அத்தைக்காரி கையில்தான் பிள்ளை. பிள்ளை பெறாத கை. தொட்டுத் தூக்கிய நாளிலிருந்து அந்தச் சொல் காதிலேயே இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் இருக்கிறது. அதனாலேயே அவள் யாரையும்விட ஒரு படி அதிகமாகச் செய்தாள். மற்றவர்கள் தண்ணியைக் கொதிக்க வைப்பார்கள், இவள் கஷாயம் மாதிரி சுண்ட வைத்தாள். குண்டா நிறைய வைத்தால் கால் குண்டா ஆகிற வரைக்கும் விறகு தள்ளினாள். அந்த வீட்டில் கைக்குழந்தைத் தண்ணி என்றால் அப்படித்தான், சுண்டினால்தான் சுத்தம், அம்மா இருந்தபோதே அப்படித்தான். பிள்ளை நீலம் பாரித்ததும் என்ன செய்தாள்? இன்னும் நன்றாகச் சுண்டவிட்டாள். இன்னும் நீலம் பாரித்தது. இன்னும் விறகு தள்ளினாள். இந்த இடத்துக்கு வந்தால் மனசு செக்குமாடு மாதிரி அதே வட்டத்தைச் சுற்றுகிறது, நீலம், விறகு, நீலம், விறகு. டாக்டர் சின்ன வயசுக்காரர், சத்தம் போடாமல்தான் கேட்டார், தண்ணி எப்படிம்மா கொதிக்க வைக்கிறீங்க? அவள் பெருமையாகவே சொன்னாள், கால்வாசியாச் சுண்டற வரைக்கும்ங்க. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கொதிக்க வெச்சாக் கிருமிதாம்மா சாகும், இது கிருமி இல்ல, நைட்ரேட்டுன்னு ஒரு உப்பு, யூரியாவுலயும் சாணிக்குழியிலயும் இருந்து ஊறிக் கெணத்துக்குள்ள எறங்கறது, தண்ணி ஆவியாப் போகும், அது போகாது. அவர் மேலே விளக்குவதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. ரசத்தை அடுப்பில் மறந்துவிட்டால் உப்புக் கரிக்கும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவங்களுக்கு அவ்வளவாத் தெரியாதும்மா, ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ரத்தத்துல மூச்சுக்காத்து நிக்காது, அதான் நீலம். ஒரு நீல மருந்தை ஊசியில் ஏற்றித்தான் அந்த நீலத்தை எடுத்தார்கள். பிள்ளை பச்சையும் நீலமுமாக ஒன்றுக்குப் போயிற்று, துணி துவைக்கத் துவைக்கச் சாயம் வந்தது, துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே அவள் ஒரு முடிவு செய்தாள். அழுதது எல்லாம் அதோடு சரி. இனி அந்தக் கிணற்றுத் தண்ணி இந்த வாய்க்குள் போகாது. யார் என்ன சொன்னாலும்.

முடிவு செய்வது சுலபம், முடிவு தண்ணி தராது. தடத்தில் ஏதோ சத்தம், வண்டியா, இல்லை, மட்டை விழுந்தது. காலையில் நர்சம்மா வந்தபோது இதற்கு வழி சொல்லிவிட்டுத்தான் போனாள். வழி என்ன, நேராகவே சொன்னாள். கடையில விக்கிற பாக்கெட் தண்ணி எந்தப் போர்ல புடிச்சதோ தெரியாது, அத வாங்காதீங்க, காலனிப் பைப்புல வர்ற ஆத்துத் தண்ணியச் சோதிச்சாச்சு, நல்லாருக்குது, அதப் புடிச்சுக் கொதி வந்ததும் எறக்கி ஆற வெச்சுக் கலக்கிக் குடுங்க. சொன்னபோது மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அவர்களைப் பெற்ற ஐயன் வேப்பமரத்துக் கட்டிலிலிருந்து மேலே கிளையைப் பார்த்தார். தம்பி ஐயனைப் பார்த்தான். பிறகு கேனை எடுத்துக் கழுவி வண்டியில் கட்டினான். டவுன் எவ்வளவு தூரம், காலனிப் பைப்பு எவ்வளவு தூரம்? இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் அங்கே கேட்கும். அதை நினைக்கவே மனசு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது, கறவை மாடு தெரியாத கையைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி. வேறு எதையாவது நினை. ஐயன் கிணறு வெட்டினதை நினை. பாறைக்கு மருந்து வைத்து வெடித்தது அவளுக்கு நினைவிருக்கிறது, ஐயன் இடுப்பளவு சேற்றில் நின்று இரண்டு கையாலும் தண்ணி மொண்டு குடித்தார், சர்க்கரைடா என்று கத்தினார். சர்க்கரைதான். இந்தத் தண்ணியில் பருப்பு பூ மாதிரி மலரும் என்று விருந்து வைக்கிறவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து மொண்டு போவார்கள். வாய்க்கு ஒரு குறையும் தெரியாது. இப்போதும் சர்க்கரைதான். நாக்குக்குத் தெரியாததைப் பிள்ளையின் ரத்தம் கண்டுபிடித்திருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தக் காட்டுக்குள் யூரியா மூட்டை வரவில்லை. சாணிக்குழி வடக்கே மூலையில் இருந்தது, மழை பெய்தால் வண்டி போகவில்லை என்று ஐயன்தான் கிணற்றடிக்குப் பக்கமாகக் கொண்டுவந்தார். அவருக்கும் தெரியாது. யாருக்குத் தெரிந்தது. நாலே எட்டில் சாணியைக் கொட்டலாம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். போன் அடித்தது.

"அக்கா, வண்டிச் செயின் அத்துப்போச்சுக்கா. தள்ளிக்கிட்டுப் போயிட்டிருக்கிறேன், மெக்கானிக்குக் கடை பூட்டிக் கெடக்குது. பாப்பா எந்திரிச்சிட்டாளா?"

"இன்னும் இல்லடா. எப்ப வருவ?"

"பஸ்ஸப் புடிச்சாப் பொழுதாயிரும். எப்படியாச்சும் சமாளிக்கா."

எப்படியாச்சும். அந்தச் சொல்லை அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், போனை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி. எப்படியாச்சும் என்றால் எப்படி? குழாயைத் திருகி எப்படியாச்சுமா? சுண்டவிடாமல் ஒரு கொதியில் இறக்கினால் கொஞ்சம் குறைவாகத்தானே இருக்கும், ஒரே ஒரு வேளை, ஒரே ஒரு பாலாடை. பார், எவ்வளவு நைசாக வருகிறது. தன் மனசுதான், வேறு யாரும் இல்லை, தன் குரலிலேயே வருகிறது. போன வாரமும் இதே குரல்தான் சொன்னது, கண்ணேறுதான், ஒண்ணுமில்லை. பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். தொட்டில் அசைந்தது.

முதலில் ஒரு கால், பிறகு ஒரு முனகல், பிறகு உதட்டைச் சப்புகிற சத்தம். அவள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை கழுத்தில் வாயை வைத்துத் தேடியது, இல்லை என்றதும் நிமிர்ந்தது, நம்ப முடியாத மாதிரி ஒரு கணம் நிறுத்தியது, அப்புறம் வீறிட்டது. இந்த வீட்டில் அழுகைக்கு முன்னால் நிற்க யாருக்கும் தெம்பு கிடையாது. வேப்பமரத்தடியிலிருந்து ஐயன் அத்தப்பன் தடியை ஊன்றி வந்துவிட்டார். "எதுக்கு அம்மிணி கொழந்தைய அழ வெக்கிற? பாலு கலக்கல?" தண்ணி இல்லைங்க ஐயா என்றாள். அவர் குழாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு வேளைதான, கொதிக்க வெச்சுக் குடு. வேண்டாம்ங்க. அப்ப ஒரு எளநி வெட்டட்டுமா? இத்தன சிறுசுக்கு எளநி ஒத்துக்காதுங்க. மாட்டுப் பாலு? அதுவும் ஒத்துக்காதுங்க, டாக்டர் சொல்லிட்டாருங்க. அவர் தடியால் தரையைத் தட்டினார். "டாக்டர், டாக்டர். அவன் வயசுக்கு எங்கெணறு பெருசு. நீயும் உந்தம்பியும் இந்தத் தண்ணியிலதான வளந்தீங்க? எங்கெணத்துல வெசம்ங்கிறயா?" பிள்ளை காதுக்குள் கத்துகிறது. அவளுக்கு ஐயனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் கூடாது, பார்த்தாள். "நாங்க அம்மா பால்ல வளந்தம்ங்க ஐயா. கெணத்த நான் குத்தம் சொல்லல. நீங்க குடியுங்க, நானும் குடிக்கறேன். இவளுக்கு ஆகாது." ஆகாது என்ற சொல்லை அந்த வீட்டில் அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவளே சொன்னதில்லை, கட்டிக்கொடுத்தபோதும் சொல்லவில்லை, புருஷன் செத்து இந்த வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வந்தபோதும் சொல்லவில்லை. சொன்ன பிறகு அது ஒன்றும் பெரிய சொல்லாகத் தெரியவில்லை. பவுடர் டப்பாவையும் பாலாடையையும் மஞ்சப்பைக்குள் போட்டாள். கொக்கியிலிருந்து தூக்குப்போசிப் பாத்திரத்தை எடுத்தாள். "எங்க போற?" என்றார் ஐயன். அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துதான் கேட்கிறார். "தண்ணிக்குங்க."

தடத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை, முந்தானையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டாள். நடக்க ஆரம்பித்ததும் அழுகை கொஞ்சம் தணிந்து விக்கலாயிற்று, நடையின் ஆட்டத்துக்குத் தணிந்தது, பசிக்குத் தணியவில்லை. மனசு இப்போது திரும்பிக்கொள்ள இடமில்லை, தடம் ஒரே பக்கம்தான் போகிறது. ஆகவே அது வந்தது. பஞ்சம் வந்த வருஷம், அவளுக்குப் பாவாடை வயசு. காலனிக்காரர்கள் குடத்தோடு கிணற்றுமேட்டுக்குக் கீழே நிற்பார்கள், மேலே ஏறக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. யாராவது வந்து மொண்டு ஊற்ற வேண்டும். பல நாள் அவள்தான் ஊற்றினாள். குடத்தில் கை படாமல் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்கள், அதனால் உயரத் தூக்கி ஊற்றுவாள், பாதி குடத்துக்குள் போகும், பாதி அவர்கள் காலில் தெறிக்கும். அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. காலில் தெறித்த தண்ணியை இன்றைக்கு வரைக்கும் நினைத்ததில்லை, குடத்துக்குள் போன தண்ணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், நாங்கள் எத்தனை பேருக்குத் தண்ணி கொடுத்தவர்கள் என்று. திரும்பிவிடலாமா? கால் கேட்கிறது. தம்பி பஸ் பிடித்திருப்பான். பிள்ளை விக்கினாள், விக்கலுக்கு நடுவில் மூச்சு ஒரு தரம் தடைப்பட்டது போல் இருந்தது. பாவாத்தாள் நின்று, முந்தானையை விலக்கி உதட்டைப் பார்த்தாள். நிறம் சரியாகத்தான் இருக்கிறது. பசி, வேறொன்றும் இல்லை. கால் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை, எட்டி வைத்தாள்.

பைப்பில் தண்ணி வந்துகொண்டிருந்தது. குடங்கள் வரிசையாக நின்றன, குடத்துக்காரிகள் வேலிக்கல் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பினார்கள். களையெடுக்க இவர்கள் தோட்டத்துக்கு வருகிற பெண் ஒருத்தி, மயிலா, துடுக்குக்காரி, அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னங்கக்கா, வழி தவறி வந்துட்டீங்களா? பெரிய தோட்டத்துக் கெணறு வத்திப்போச்சா?"

சிரிப்பு. அவ்வளவு கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. வத்தலை என்று ஆரம்பித்து ஏதாவது சொல்லி மழுப்பலாம், மோட்டார் கெட்டுப்போச்சு என்று சொன்னால் போதும், எல்லோரும் நம்புவார்கள், நம்பின மாதிரி இருப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வத்தல மயிலா. தண்ணி கெட்டுப்போச்சு. அந்தத் தண்ணியக் குடுத்துத்தான் பாப்பாவுக்கு நீலம் பாரிச்சுது. ஆஸ்பத்திரியில வெச்சுக் காப்பாத்திக் கொண்டாந்தோம்."

சிரிப்பு அணைந்துவிட்டது. ஒரு வயசாளி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள், மெல்லுவதை நிறுத்தினாள். "சர்க்கரத் தண்ணின்னு பேர் வாங்கின கெணறாச்சே அம்மிணி" என்றாள். அதில் எகத்தாளம் இருந்ததா துக்கம் இருந்ததா என்று பாவாத்தாளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"இனிப்பாத்தாங்க இருக்குது. அதுதான் ஏமாத்திப்போட்டுது. ஆறு மாசத்துக்குள்ள இருக்கற கொழந்தைக்குத் தோட்டத்துக் கெணத்துத் தண்ணியில பாலு கலக்கக் கூடாதாமா, சோதிக்காம கலக்கக் கூடாது. கொதிக்க வெச்சாலும் போகாதாமா." சொல்லிவிட்டு அவள் போசியைக் குடங்களுக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு நின்றாள். தள்ளி வைத்ததும்தான் தெரிந்தது, யாராவது பிடித்து ஊற்றட்டும் என்று நிற்கிறாள். உடம்புக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது, இந்தப் பக்கம் நின்றாலும்.

"அங்க வெச்சாத் தண்ணி தாவியா வரும்?" என்றாள் மயிலா. "நீங்களே புடியுங்கக்கா. கவருமெண்டுப் பைப்பு, ஆரும் ஆருக்கும் ஊத்த வேண்டியதில்ல. ஏய், அந்தக் குடத்தை எடு, கொழந்தை கத்துது பாரு."

ஒரு குடம் நகர்ந்தது. பாவாத்தாள் குனிந்து பிடித்தாள். முதல் தண்ணியில் போசியை அலசிக் கொட்டினாள், இரண்டாவதைப் பிடித்தாள். ஆற்றுத் தண்ணி, மருந்து வாடை லேசாக அடித்தது, சர்க்கரை இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் தண்ணி. உங்க அடுப்புல ஒரு கொதி வெச்சுக்கட்டுமா மயிலா, வீட்டுக்குப் போற வரைக்கும் இவ தாங்க மாட்டா, என்று கேட்டாள். அதைக் கேட்பது பைப்பில் பிடித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வாங்க என்று மயிலா முன்னால் நடந்துவிட்டாள்.

கேஸ் அடுப்பில் போசி உட்கார்ந்தது. தண்ணியின் அடியில் சின்னச் சின்ன முத்தாக எழும்பியது, முத்து பெரிதாயிற்று, பிறகு முழுசாகத் தளதளத்துக் கொதித்தது. பாலாடையையும் இன்னொரு பாத்திரத்தில் அதே தண்ணி ஊற்றிக் கொதிக்கவிட்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்ச நேரம் என்றது கை. பழகின கை, சுண்டினால்தான் சுத்தம் என்று நம்பின கை. அவள் மயிலாவைக் கூப்பிட்டாள். "அத அணைச்சிரு கண்ணு. எங்கையி அணைக்காது." மயிலா ஒரு மாதிரி பார்த்தாள், அணைத்தாள். அகலத் தட்டில் தண்ணி ஊற்றி, அதில் போசியை வைத்து ஆற்றினார்கள், மயிலா முறத்தால் விசிறினாள், பிள்ளை கத்தி ஓய்ந்து விரலைச் சப்பியது. ஆறுவதற்குள் இந்த உலகத்தில் என்னென்னவோ நடந்து முடிந்துவிடும் போலிருந்தது. பவுடரை டப்பாவின் கரண்டியில் தட்டி அளந்து போட்டாள், கலக்கினாள், ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்ததும் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே விழுங்கியது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் தொண்டையில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியது. பாவாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் நினைக்கவில்லை, காலையிலிருந்து முதல் முறையாக மனசு ஒரே இடத்தில் உட்கார்ந்தது.

"தண்ணி எப்ப எப்ப வரும்?" என்று கேட்டாள், தோளில் போட்டு ஏப்பத்துக்குத் தட்டிக்கொண்டே.

"ஒரு நாளு உட்டு ஒரு நாளு, இதே நேரத்துக்கு" என்றாள் மயிலா. "குடத்தைக் கொண்டாந்து வரிசையில வெச்சிருங்க. இன்னிக்கு மாதிரி எல்லா நாளும் நடுவுல உடமாட்டம், ஆமா."

"வரிசையிலயே வெக்கறேன்."

திரும்பி வரும்போது போசியில் மிச்சத் தண்ணி மூடியோடு தளும்பியது. தடத்தின் பாதியில் ஐயன் நின்றிருந்தார். அவ்வளவு தூரம் அவர் நடந்து நாளாயிற்று, தடியில் மொத்தப் பாரத்தையும் போட்டிருந்தார். பிள்ளையைப் பார்த்தார், தூங்குகிறது. வாயோரம் பால் காய்ந்திருக்கிறது. பிறகு போசியைப் பார்த்தார், அது எந்தத் தண்ணி என்று கேட்கவில்லை.

"அந்தத் தண்ணி எம்பட ஊட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார்.

குரலில் பழைய வலு இருந்தது. பாவாத்தாளுக்குப் பழைய பயமும் வந்தது, சின்ன வயசிலிருந்து இருக்கிற பயம், அது போகாது, இருந்துவிட்டுப் போகட்டும்.

"வரும்ங்க ஐயா" என்றாள். "இவளுக்கு ஆறு மாசம் ஆகற வரைக்கும் வரும். அதுக்கப்பறமும் நம்ம கெணத்தச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான். நாளைக்கே சாணிக்குழியக் கெணத்தோரத்துல இருந்து தோண்டி எடுத்துரச் சொல்லித் தம்பிகிட்டச் சொல்றேன்."

அவள் நிற்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையின் தலை அசையாமல், போசி சிந்தாமல், வீட்டைப் பார்த்து நடந்தாள்.